எல்லா டேபிளுக்கும் ஒரு காப்பி

"டோக்கன் ஒன்பது, பல் மருத்துவர் அறைக்கு வரவும்."

ஒலிபெருக்கியில் டோக்கன் மெஷினின் பெண் குரல் தேனொழுகக் கூப்பிட்டது. டோக்கன் ஒன்பதுக்காரர் கன்னத்தில் பஞ்சை அழுத்தியபடி இப்போதுதான் அந்த அறையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் போக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று நினைக்கும் சாது மனிதர் அவர். எழுந்து போனார்.

பல் டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே, நிமிராமல், "வாங்க, உக்காருங்க. வாயைத் திறங்க. எந்தப் பல்லு?" என்றார்.

"இப்பத்தானே டாக்டர் புடுங்குனீங்க!"

"அப்படியா? அப்ப ஏன் மறுபடியும் வந்தீங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க!"

வெளியே ஒலிபெருக்கி அடுத்தவரைக் கூப்பிட்டது. உடனே அவரையே இன்னொரு தடவையும் கூப்பிட்டது. ரிசப்ஷன் பெண் இண்டர்காமை எடுத்து மாடிக்கு அடித்தாள்.

"அக்கா, டோக்கன் மெஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு! எல்லாரையும் ரெண்டு ரெண்டு தடவை கூப்பிடுது. விட்டா, அந்தப் பல்லுக்காரர் மிச்சமிருக்கிற பல்லையும் குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு!"

"ஐயையோ!" என்று மாடியில் டேபிள் அக்கா தலையில் கையை வைத்தாள்.

டேபிள் அக்கா என்றதும் உளியும் சுத்தியலும் நினைவுக்கு வர வேண்டாம். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய், யார் எந்தக் கட்டிலில், யாருக்கு எந்த டாக்டர் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கட்டம் கட்டமாகக் கிடந்தன. நோயாளிகளுக்கு ஒன்று, கட்டில்களுக்கு ஒன்று, டோக்கனுக்கு ஒன்று, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒன்று. அந்தக் கட்டங்களுக்குத் தொழில் வழக்கில் டேபிள் என்று பெயர். அவற்றைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. வாயைத் திறந்தால் டேபிள்தான் வரும் என்பதால் அவளுடைய சொந்தப் பெயரை ஆஸ்பத்திரி எப்போதோ மறந்துவிட்டது. அவளுடைய மாமியார்கூட அக்கம்பக்கத்தில், "மருமக டேபிள் வேலை பாக்குறா" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டு ஒருவர், கால் ஆடுகிற தன் சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் உண்டு.

வேலை ஒப்பந்த வேலை. கெடு முடியும்போதெல்லாம் மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் காலையில் நல்ல முகத்தோடு வந்தால் புதுப்பிப்பார். இல்லாவிட்டால் "பாக்கலாம்" என்பார். அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டாலே அவள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு அதற்கு ஒரு முடிவு வரப் போகிறது. காலையில் மேனேஜரே தொலைபேசியில் அப்படிச் சொன்னார். காரில் வந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, பேச்சை விடக் காற்றுதான் அதிகம் கேட்டது.

"ஏம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்காரங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். நம்ம ஆஸ்பத்திரியை அவங்களோட சேத்துக்கறதா வேண்டாமான்னு இன்னைக்குத்தான் முடிவு பண்ணப் போறாங்க. சாயங்காலம் நாங்க வர்றதுக்குள்ள எல்லா டேபிளுக்கும் ஒரு காப்பி போட்டு வச்சிருங்க. ஒரு டேபிள்கூட விடக் கூடாது."

"எல்லா டேபிளுக்குமா சார்?"

"எல்லாத்துக்கும்தான். திருப்பிக் கூப்பிடாதீங்க. அவங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. கேள்வி மேல கேள்வி கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்குவாங்க. இது மட்டும் நல்லபடியா நடந்துட்டா உங்களை நிரந்தரமாக்கிடறேன். சொதப்பிட்டீங்கன்னா…"

அதற்குமேல் காற்றுதான் பேசியது.

நிரந்தரம்! டேபிள் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது, அதன்மேல் தூசி படியக் கூடாது என்பது மட்டும்தான். ஆனால் தெரியாது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் வாயிலிருந்து விழும் சொல்லைப் பிடித்து, பாதியைத் தமிழாக்கி, மீதியை விழுங்கி, தான் கண்டுபிடித்தது போல் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரே டேபிளுக்குக் காப்பி கேட்கிறார் என்றால் விஷயம் பெரியதுதான்!

உடனே உட்கார்ந்தாள். டோக்கன் டேபிளுக்கு ஒரு காப்பி எடுக்கச் சொல்லித் தட்டினாள். திரை அசையவில்லை. அவசரத்தில் மறுபடியும் தட்டினாள். அங்கேதான் வந்தது வினை.

டேபிளைக் காப்பி எடுத்தால் உள்ளேயிருக்கிற வரிகள் வந்துவிடும், சாவி வராது. ஒரு வரி ஒரு தடவைதான் இருக்கலாம் என்று வாசலில் நின்று தடுக்கிற காவல்காரன் அந்தச் சாவிதான். காவல்காரன் இல்லாத காப்பிக்குள் எல்லா டோக்கன்களும் இரண்டிரண்டு தடவை குடிபுகுந்தன. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. டோக்கன் மெஷினுக்கு நிரல் எழுதிவிட்டுப் போன பழைய புண்ணியவான், "டோக்கன்" என்று பெயர் தொடங்குகிற எந்த டேபிளைப் பார்த்தாலும் படித்துவிடும்படி எழுதி வைத்திருந்தார். மெஷின் காப்பியைப் பார்த்தது, ஆசை தீரப் படித்தது.

"இதோ சரி பண்ணிட்டேன்!" என்று இண்டர்காமில் கத்திவிட்டு, இரட்டையாக இருப்பதையெல்லாம் அழிக்கச் சொன்னாள்.

ஒலிபெருக்கி நின்றது. டேபிள் அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் இண்டர்காம் மறுபடியும் கத்தியது.

"அக்கா, இப்ப யாரையுமே கூப்பிட மாட்டேங்குது! டாக்டருங்க எல்லாம் அவங்க அவங்க ரூம்ல விட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இங்க ஹால்ல உக்கார இடமில்ல!"

போய்ப் பார்த்தால், அழிந்தது காப்பி இல்லை, அசல். காப்பி மட்டும் இரட்டை இரட்டையாகக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லை. காப்பியிலிருந்து பாதியைக் கழித்துவிட்டு அதற்கே அசலின் பெயரைச் சூட்டிவிட்டாள். டோக்கன்கள் வந்தன. ஆனால் வரிசை தலைகீழாக வந்தது. விடியற்காலையில் வந்து, துண்டைப் போட்டு இடம்பிடித்திருந்த பெரியவர் கடைசிக்குப் போனார். வாட்ச்மேனிடம் வழி கேட்க உள்ளே நுழைந்த ஆள் முதலாவதாகக் கூப்பிடப்பட்டு, காது டாக்டரிடம் இரண்டு காதையும் காட்டிவிட்டு வந்தார்.

"யாரும்மா இந்தக் கூத்தைப் பண்றது?" என்று பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கம்ப்யூட்டர் ஐயா, கம்ப்யூட்டர்" என்றாள் ரிசப்ஷன் பெண். உலகத்தில் எந்தக் குற்றத்தையும் ஏற்றுக்கொள்கிற பிராணி அது ஒன்றுதானே!

சரி, மனிதர் நடமாட்டம் இருக்கும்போது காப்பி எடுத்தால் இப்படித்தான், மதியம் சாப்பாட்டு நேரத்தில் மொத்தத்தையும் நிறுத்திவைத்து நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று டேபிள் அக்கா நினைத்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"ஏம்மா, சொல்ல மறந்துட்டேன். காப்பி சூடா இருக்கணுமாம். ஆறிப்போனதெல்லாம் அவங்களுக்கு ஆகாது."

டேபிள் அக்கா பெருமூச்சு விட்டாள். அவளுடைய தொழிலில் சூடு என்றும் ஆறியது என்றும் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு எடுத்தால் அது ஆறிய காப்பி. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் சூடான காப்பி. ஓடுகிற பேருந்தில் சக்கரம் மாற்றுகிற மாதிரி.

"சூடா எடுத்துடறேன். அதையும் பாத்துடலாம்!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

ஓட்டத்திலேயே எடுக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி முழுவதும் இழுத்துக்கொண்டு நின்றது. மருந்துக் கடையில் சீட்டு அச்சாகவில்லை. எக்ஸ்ரே அறையில் படம் பாதி வந்து, இடுப்போடு நின்றது. "மீதிக் காலு எப்ப வரும்?" என்று நோயாளி பரிதாபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எதையும் பார்க்காமல் ஒவ்வொரு டேபிளாக நகர்ந்தாள். பாதிக் கிணறு தாண்டியிருப்பாள், அடுத்த குரல் செய்தி வந்தது.

"ஏம்மா, இன்னொண்ணு. சர்க்கரை தனியா இருக்கணுமாம். பால் தனியா இருக்கணுமாம். ரெண்டையும் கலந்து வச்சிராதீங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்!"

சர்க்கரை டேபிள் ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தது, அதனால் தொல்லை இல்லை. பால்தான் சங்கடம். நோயாளிகள் டேபிளில் பெயர், வயது, பால் என்று அடுத்தடுத்து நிற்கும். ஆண்பால் பெண்பால் என்கிற அந்தப் பத்தியை மட்டும் உருவி, தனி டேபிளாக வைக்க வேண்டும். உருவினாள். வெகு சுத்தமாக உருவினாள். ஆனால் காலையிலிருந்து அசலுக்குக் காப்பியின் பெயரும், காப்பிக்கு அசலின் பெயரும் மாற்றி மாற்றிச் சூட்டியதில், எது எது என்று அவளுக்கே குழம்பிப்போயிருந்தது. அவள் உருவியது அசலிலிருந்து.

கீழே வார்டு ஒதுக்குகிற இடத்தில், முழங்கால் பிசகிய பயில்வான் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசை காது வரை போயிருந்தது. அதே பழைய புண்ணியவான் இங்கேயும் கைவரிசையைக் காட்டியிருந்தார். ஆண் என்றால் ஆண்கள் வார்டு, பெண் என்றால் பெண்கள் வார்டு, இரண்டும் இல்லையென்றால் குழந்தைகள் வார்டு.

சற்று நேரத்தில் ஹெட் நர்ஸ் மாடிப்படியைத் தடதடவென்று ஏறி வந்தார். பின்னாலேயே ஆயாம்மாவும் வந்தாள்.

"ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? வாத்துப் படம் போட்ட மெத்தை விரிப்புல பயில்வான் படுத்திருக்காரு. கட்டில் அவருக்கு முழங்கால் வரைக்கும்தான் வருது. பக்கத்துக் கட்டில் குழந்தை அவரைப் பாத்துப் பாத்து அழுவுது. அவரு கிலுகிலுப்பையை ஆட்டிச் சமாதானம் பண்ணிக்கிட்டிருக்காரு!"

"அவருக்கு வார்டு மாத்திக் குடுங்க சிஸ்டர்."

"எப்படி மாத்தறது? கம்ப்யூட்டர்ல பால் இல்லேன்னு வருது! ஒருத்தருக்கும் பால் இல்ல!"

ஆயாம்மா பதறிப்போனாள். "பால் இல்லேன்னா சொல்ல வேண்டியதுதானே? நான் போய் வாங்கிட்டு வந்துடறேன். இதுக்குப் போயா இத்தனை கூப்பாடு?"

டேபிள் அக்காவுக்கு எங்கேயோ மெல்ல உறுத்தியது. பால். சர்க்கரை. சூடு. இவை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிப்பதற்குள் கைபேசி மறுபடியும் துடித்தது. மேனேஜரின் குரல் இந்த முறை ரொம்பவும் ரகசியமாக இருந்தது.

"ஏம்மா, கடைசியா ஒண்ணு. சும்மா காப்பி போதாதாம். ஃபில்டர் காப்பிதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. பக்கத்துல வந்துட்டோம்."

டேபிள் அக்கா காலையிலிருந்து மேனேஜர் சொன்னதையெல்லாம் வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஹெட் நர்ஸ் ஆயாம்மாவைப் பார்த்தார். ஆயாம்மா டேபிள் அக்காவைப் பார்த்தாள். இதற்குள் மேலே ஓடி வந்து வாசலில் நின்றிருந்த ரிசப்ஷன் பெண், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அக்கா… காலையிலிருந்து நீங்க என்ன காப்பி போட்டுக்கிட்டிருக்கீங்க?"

"டேபிளுக்கு…"

"அவரு கேட்டது குடிக்கிற காப்பி அக்கா! ஃபில்டர் காப்பி, சூடா, பால் தனி, சர்க்கரை தனி! டேபிளுக்கு ஒண்ணு! விருந்தாளிங்க வந்தா நம்ம முதல்ல என்ன குடுப்போம்? கம்ப்யூட்டரையா திறந்து காட்டுவோம்?"

டேபிள் அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். காலையிலிருந்து நடந்ததெல்லாம் கண்முன்னால் ஓடியது. ஒரு பல்லை மட்டும் இழந்து தப்பித்த மனிதர், துண்டுப் பெரியவர், இடுப்போடு நின்ற எக்ஸ்ரே, கிலுகிலுப்பை ஆட்டுகிற பயில்வான். எல்லாம் எதற்காக? ஒரு கப் காப்பிக்காக! வெட்கம் அவள் காது வரைக்கும் ஏறியது. அதைவிட வேகமாகப் பயம் ஏறியது. அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒரு சொட்டுக் காப்பி இல்லை. நிரந்தரம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. திரும்பினாள். பாலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். டோக்கன்களை வரிசையில் நிற்க வைத்தாள். காலையிலிருந்து பெற்றெடுத்த காப்பிகள் அத்தனையையும் ஒன்று விடாமல் அழித்தாள். ஆஸ்பத்திரி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. மருந்துக் கடையில் சீட்டுகள் பொலபொலவென்று கொட்டின. எக்ஸ்ரேவுக்குக் கால் வந்தது.

"இப்ப காப்பி!" என்று கத்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினாள்.

"ஃபில்டரா?" என்றார் கேன்டீன் மாஸ்டர். "இங்க சுடுதண்ணியில தூளைக் கொட்டிக் கலக்குறதோட சரி. அதுவும் பாலு, சர்க்கரை எல்லாம் முதல்லயே கலந்த தூளு. பிரிச்சுக் குடுன்னா எப்படிம்மா பிரிக்கிறது? அண்டா வேணா தரேன்."

அண்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கைபேசியை எடுத்தாள். வீடு நாலு தெரு தள்ளித்தான். புருஷன் பேருந்து ஓட்டுநர், இன்று அவனுக்கு ஓய்வு நாள்.

"ஏங்க, போனை அத்தைகிட்ட குடுங்க. சீக்கிரம்!"

"எதுக்கு? சண்டையா?"

"குடுங்கன்னா!"

மாமியார் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"என் காப்பியா?" என்றாள். "போன வாரம் நான் போட்ட காப்பியைச் செடிக்கு ஊத்துனவதானே நீ?"

"செடி நல்லா வளந்திருக்கு அத்தை."

"என் காப்பி கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு உன் அக்காகிட்டச் சொன்னியா இல்லியா?"

"அத்தை, இப்ப எனக்கு வேலை போயிரும் அத்தை! நிரந்தரம் அத்தை!"

"அப்ப வாயைத் திறந்து சொல்லு. என் காப்பி எப்படி?"

டேபிள் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "உலகத்துலயே உங்க காப்பிதான் அத்தை ஒஸ்தி."

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தடவை சொல்லு. உன் புருஷனும் கேக்கட்டும்."

சொன்னாள். புருஷன் பின்னால் எதிலோ முட்டிக்கொண்டு விழுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததை ஆஸ்பத்திரி இன்றைக்கும் பேசுகிறது. தெருவில் எத்தனை வீட்டில் ஃபில்டர் இருந்ததோ அத்தனையையும் மாமியார் வரவழைத்துவிட்டாள். ஒரு வீட்டில் டிக்காஷன் இறங்க, ஒரு வீட்டில் பால் கொதிக்க, பேருந்து ஓட்டுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனின் காரில் பாத்திரங்களோடு பறந்து வந்தான். மாமியார் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சர்க்கரை டப்பா.

"கப்பு போதாது அக்கா!" என்று ரிசப்ஷன் பெண் கையைப் பிசைந்தாள்.

"அதுக்கென்ன?" என்றாள் ஆயாம்மா. "லேப்ல புத்தம் புதுசா மூடி போட்ட குட்டிக் குட்டி கப்பு ஒரு பெட்டி நிறைய இருக்கு. பிரிக்கவே இல்ல."

"ஆயாம்மா!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

கேன்டீன் மாஸ்டர் எங்கிருந்தோ கப்புகளைத் திரட்டிக் கொடுத்தார். டேபிள் அக்கா ஆயாம்மாவின் கையில் தட்டைக் கொடுத்து, மேனேஜர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். எல்லா டேபிளுக்கும் ஒரு காப்பி, ஒரு டேபிள்கூட விடக் கூடாது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆயாம்மா சொன்ன சொல் தவறாதவள். டாக்டர்களின் மேசைகளில் வைத்தாள். மருந்துக் கடையில் வைத்தாள். குழந்தைகளை எடை போடுகிற மேசையில் வைத்தாள், அது கப்பின் எடையைக் காட்டியது. எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்தவரின் வயிற்றுப் பக்கம் ஒன்றை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பச்சை உடையில், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, சர்ஜன் தாழ்வாரத்தில் வந்து நின்றார்.

"யாரு ஆபரேஷன் டேபிள்ல காப்பி வச்சது?"

"ஏன் டாக்டர், ஆறிடுச்சா?" என்றாள் ஆயாம்மா.

சர்ஜன் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

மேனேஜர் முதலில் இறங்கினார். பின்னால், பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர், உயரமாக, சிரிப்பே அறியாத முகத்தோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொரு டாக்டர். கடைசியில் தோளில் பையை மாட்டிக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் யாரோடும் பேசவில்லை.

எல்லாரும் கூட்ட அறைக்குள் நுழைந்தார்கள். மேசைமேல் ஆவி பறக்கும் டிக்காஷன், பக்கத்தில் பால் தனியாக, சர்க்கரை தனியாக. மணம் அறையைத் தூக்கியது. மாமியார் பட்டுப் புடவையில் ஒரு மகாராணியைப் போல நின்று, அவரவர் கேட்டபடி கலந்து கொடுத்தாள். டேபிள் அக்கா கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைமை டாக்டர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, கப்பை நீட்டினார். "இன்னொண்ணு கிடைக்குமா?"

மேனேஜரின் முகம் பூரித்துப்போனது. அவர் ஏதோ புரியாதவர் போல மேசையை ஒரு தடவையும் டேபிள் அக்காவை ஒரு தடவையும் பார்த்தார். ஆனால் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே!

"எல்லாம் இவங்க ஏற்பாடுதான் சார்" என்றார் பெருமையாக.

"ஆஸ்பத்திரியில நுழைஞ்சதுலேருந்து பாக்கறேன், ஒரு மேசை விடாம காப்பி இருக்கு" என்றார் தலைமை டாக்டர். "வேலை பாக்கறவங்களை இப்படிக் கவனிக்கிற இடத்தை நான் பாத்ததே இல்ல. இவங்களை மாதிரி ஆளு நமக்கு வேணும்."

"இன்னைக்கே நிரந்தரம் சார்!" என்றார் மேனேஜர். "ஏம்மா, கேட்டுச்சா? நிரந்தரம்!"

டேபிள் அக்காவின் கண் கலங்கியது. ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ரிசப்ஷன் பெண் குதித்தாள். ஆயாம்மா தட்டில் தாளம் போட்டாள். பயில்வான்கூட வார்டு மாறிப் போகிற வழியில் சக்கர நாற்காலியை நிறுத்தி, என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த கண்ணாடிக்காரப் பெண் தன் கப்பைக் கீழே வைத்தாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, டேபிள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"காப்பி பிரமாதம் மேடம்! இப்ப வேலையைப் பாக்கலாமா? எல்லா டேபிளுக்கும், தப்பான வரிகளை ஃபில்டர் பண்ணின சூடான காப்பி, சர்க்கரை டேபிள் தனி, பால் பத்தி தனின்னு கார்ல மேனேஜர்கிட்டக் கேட்டிருந்தேனே, அது எந்த டிஸ்க்ல இருக்கு?"